அட்டவணையில் ஒரு காலி வரி

கடல் அறிவியல் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிவிட்டு, படகில் ஏறியதும் வாந்தி எடுத்தவள் நான். நெரவியில் எங்களுக்கு நெல் வயல்தான். கோடை விடுமுறையில் பயிற்சிக்காகக் கடலோரக் கருக்களாச்சேரிக்குப் போனேன். தினமும் படகில் நடுக்கடல் வரை போய்த் தண்ணீர் எடுத்து வந்து, அதில் எவ்வளவு உப்பு என்று அளக்க வேண்டும்.

மூன்றாம் நாள் படகு ஓட்டும் அண்ணன் சிரித்தார். "நாத்து நடப் போம்மா. கடலு உனக்கு ஒத்துக்காது."

அந்த ஆத்திரத்தில் மறுநாள் படகுக்கே போகவில்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் புட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். முந்தின நாள் நல்ல மழை. உப்பு குறைவாகக் காட்டியது.

பயிற்சி தந்த மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "மழைத்தண்ணி அவ்வளவு தூரம் போயிருக்கா! ரிப்போர்ட்ல எழுதணும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். முடியவில்லை. "மேடம், அது கரையில எடுத்த தண்ணி."

"பொய்த் தண்ணிய அளக்கவா நான் உக்காந்திருக்கேன்? கெளம்பு நீ."

"நாளைக்கு ஒரு தடவ போறேங்க. எடுத்துட்டு வரலன்னா அனுப்பிடுங்க."

மறுநாள் நான்கு முறை வாந்தி. புட்டியை மட்டும் விடவில்லை. "கொடலே வெளிய வந்தாலும் புட்டிய விடாது போலருக்கு!" என்றார் அண்ணன். அதன்பிறகு ஒரு நாளும் நான் தவறவில்லை.

அறிக்கையின் அட்டவணையில் அந்த நான்காம் நாளின் வரி மட்டும் எண் இல்லாமல் காலி. 'கடலில் தண்ணீர் எடுக்கவில்லை' என்று அதில் நானே எழுதினேன். வீட்டில் அப்பாவிடம் முதலில் காட்டியதும் அதைத்தான். மற்ற எண்களெல்லாம் உண்மை என்று நான் நிமிர்ந்து சொல்வது அந்த வரியால்தான்.