இருட்டு வார்டில் ஒரு கை

தெருவில் எல்லோரும் அவளைக் கறாரக்கா என்றுதான் சொல்வார்கள். காய்காரரிடம் பேரம் பேசுவதானாலும் சரி, பக்கத்து வீட்டு மருமகளிடம் எது சரியில்லை என்று சொல்வதானாலும் சரி, அவளிடம் வழவழா கொழகொழா கிடையாது. முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கேட்கப் பயந்தவர்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அவளுடைய தங்கைக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு குழந்தையை ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான வார்டு அங்கேதான் இருந்தது. தாய்க்கு ரத்தக்கொதிப்பு ஏறினது இறங்கவில்லை. பெற்ற ஆஸ்பத்திரியிலேயே கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். மயக்கத்தில் பெற்றவள், பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தங்கை வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் இருந்துகொண்டார். இரண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவே அலைந்தது கறாரக்கா. தங்கை பம்ப் வைத்துப் பிழிந்து கொடுக்கிற பாலைச் சின்ன டப்பாவில் அடைத்து, ஐஸ் வைத்த பையில் போட்டு, பஸ் பிடித்துக் கொண்டுபோய் வார்டில் கொடுப்பாள். அந்தப் பால்தான் குழாய் வழியாகக் குழந்தைக்குப் போனது.

"ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வாயேன்க்கா" என்று தங்கை கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

கேட்பது சுலபம். வயிற்றுக்குள் இருக்க வேண்டிய பிள்ளைகள் என்பதால் அந்த வார்டில் விளக்கைத் தணித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி மேலும் தடித்த துணியை மூடியிருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே போனாலும் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. மிஷின்களில் மினுங்கும் பச்சை எழுத்தும் நர்ஸ் மேஜைமேல் ஒரு குட்டி விளக்கும்தான் வெளிச்சம். வீடியோ கூடாது, மற்றவர்கள் பிள்ளைகளும் அதில் விழும். பிளாஷ் கூடவே கூடாது. நர்ஸ் துணியைத் தூக்குகிற நேரத்தில், தன் பிள்ளையை மட்டும், சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் தடவையே பிளாஷ் அடித்துவிட்டது. பெட்டிக்குள் குழந்தை உடம்பெல்லாம் உதறி விழித்தது.

"என்னம்மா, மின்னல் வெட்டுது? இதென்ன கல்யாண மண்டபமா?" என்றாள் நர்ஸ். தெருவையே அடக்குகிறவள் போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

பிளாஷை அணைத்து எடுத்ததில் சாம்பல் கலரில் ஒரு புகை மட்டும் வந்தது. மேஜை விளக்கு ஊதிப்போய் நிலா மாதிரித் தெரிந்தது. போன் ஓட்டை என்று திட்டிக்கொண்டே வெளியே வந்து திருப்பிப் பார்த்தாள். கேமரா கண்ணாடிமேல் எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்பு மேடையில், தாளிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற போன் அது. ஒரு கரண்டி பிசுபிசுத்தால் வீட்டையே இரண்டாக்குகிறவள், இந்தக் கடுகு அளவு கண்ணாடியை ஒரு நாளும் துடைத்ததில்லை. பகல் வெளிச்சத்தில் அந்தப் பிசுக்கு தெரிந்திருக்காது. இருட்டு காட்டிக்கொடுத்துவிட்டது.

கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்த பிறகும் படம் ஆடியது. பொத்தானை விரலால் அமுக்கினாலே போதும், கலங்கிவிடும். அதனால் வீட்டில் சாமான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பப்பாளியைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்துப் பழகினாள். குழந்தையும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் கேமரா அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது, அதுவரை அசையக் கூடாது என்று புரிந்துகொண்டாள். முழங்கைகளை விலாவோடு இறுக்கினாள். போனைப் பெட்டி விளிம்பில் சாய்த்தாள். விரல் பட்டால் ஆடுகிறதென்று, தொட்டுவிட்டுக் காத்திருந்தால் தானே எடுக்கிற டைமரைக் கண்டுபிடித்தாள். தூரத்தில் நின்று பெரிதாக்கினால் படம் ரவை ரவையாக உடைந்தது. அதைவிடக் கிட்டப் போவதே மேல்.

கதவைத் திறந்த அவள் வீட்டுக்காரர், மனைவி தரையில் குப்புறப் படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பப்பாளியைப் படமெடுப்பதைப் பார்த்தார்.

"அது சிரிக்குமான்னு பாக்குறியா?"

"நீங்க சிரிக்காம கதவச் சாத்துங்க. வெளிச்சம் வருது."

பப்பாளி சொன்னபடி கேட்டது. பிள்ளை கேட்கவில்லை. மறுநாள் பெட்டிக்குள் அது காலை உதைத்தது, கையை வீசியது. ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஒரு இடம் கலங்கியிருந்தது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, கலங்கினதையெல்லாம் அங்கேயே நின்று அழித்தாள். போனில் குப்பைத்தொட்டி என்று ஒன்று உண்டே, அதையும் காலி செய்தாள். குப்பையைக் கொட்டிவிட்டுக் கூடையைக் கழுவாமல் வைக்கிறவள் இல்லை அவள். பால் குடித்து முடிந்து, குழந்தை கண்ணயர்ந்த பிறகு ஒன்று கிடைத்தது. மூடிய இமை, மூக்கில் ஒட்டிய பிளாஸ்திரி, நெற்றி மயிர், எல்லாம் எண்ணிவிடலாம் போலத் தெளிவு. நர்ஸே எட்டிப் பார்த்து, ஸ்டூடியோவில் எடுத்த மாதிரி இருக்கிறது என்றாள்.

அதை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனாள். தங்கை படத்தைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தூங்குதா?"

"ஆமாண்டி. நல்லா தூங்குது."

தங்கை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் பம்ப்பைக் கொண்டுவந்தபோது கையால் தள்ளிவிட்டாள். யாருக்கு என்று மட்டும் கேட்டாள். தங்கை வீட்டுக்காரர் கெஞ்சினார், வார்டுக்குப் போன் போட்டுத் தருகிறேன், அவர்கள் வாயாலேயே கேள் என்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் சொல்வார்கள் என்றாள். விட்டால் பால் வற்றிவிடும் என்று நர்ஸ் எச்சரித்தாள். வார்டில் இருந்த பால் மறுநாள் காலைக்கு மேல் வராது. குழந்தையின் குடல் தாய்ப்பாலைத்தான் தாங்கும், பவுடர் பால் ஆபத்து என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"என்னடி புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கறாரக்கா அதட்டினாள்.

சுவரைப் பார்த்தபடியே தங்கை சொன்னாள்: "அப்பாவும் தூங்குறாருன்னுதானே சொன்ன."

அப்பா போன அன்று தங்கை வெளியூரில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். போன் செய்தபோது, அப்பா தூங்குகிறார் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். தங்கை யாரையும் நம்பாமல் அக்காவிடம் கொடு என்றாள். அக்காவும் அதையே சொன்னாள். அக்கா சொன்னதால் நம்பி, நிம்மதியாகப் பரீட்சை எழுதிவிட்டு, எல்லாம் முடிந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வார்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கறாரக்கா படத்தை எடுத்துப் பார்த்தாள். இந்தத் தடவை எடுத்தவளாகப் பார்க்கவில்லை, ஒருமுறை ஏமாந்தவளாகப் பார்த்தாள். மூடின கண். ஒரு மயிரிழைகூட அசையாத முகம். அவளுக்கே திக்கென்றது. பையில் இப்போது பால் இல்லை. மடியில் அது லேசாகக் கிடந்தது.

அழித்துத் தள்ளிய படங்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. உதைத்த கால், வீசின கை. உயிர் இருந்ததெல்லாம் அதில்தான்.

நர்ஸ் டயப்பர் மாற்றத் துணியைத் தூக்கியபோது பெட்டிக்குள் ஒரே ரகளை. குழந்தை காலை மடக்கி நீட்டியது, முகத்தைச் சுருக்கி, முஷ்டியை மேலே வீசியது. கறாரக்கா போனைப் பெட்டி விளிம்பில் அழுத்திச் சாய்த்தாள். மூச்சைப் பிடித்தாள். போன்தான் ஆடக் கூடாது. பிள்ளை ஆடட்டும்.

வந்த படத்தில் குழாய் தெளிவாக இருந்தது, மெத்தையின் தையல் தெளிவாக இருந்தது, காது தெளிவாக இருந்தது. ஒரு கை மட்டும் விசிறி விரித்த மாதிரி, இங்கிருந்து அங்கே வெள்ளையாக இழுபட்டுப் போயிருந்தது.

"அடடா, ஆடிடுச்சே. இன்னொண்ணு எடுங்க" என்றாள் நர்ஸ்.

"வேணாம் சிஸ்டர். இது போதும்."

காலைவரை ஆடக் கூடாது என்று உயிரை வாங்கின அம்மாவா இது என்று நர்ஸ் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கறாரக்கா அதேபோல இன்னும் சில எடுத்தாள். ஒன்றையும் அழிக்கவில்லை.

தங்கை கட்டிலருகே போய் நின்றபோது சாயங்காலம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் எழுந்து இடம் விட்டார். கறாரக்கா போனை நீட்டவில்லை. முதலில் பேசினாள்.

"அப்பா விஷயத்துல நான் பொய் சொன்னேன். உன் பரீட்சைக்காகன்னு அன்னைக்கு நெனச்சேன். தப்புதான். இது பொழைக்குமான்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாதாம். இப்ப, நான் பஸ் ஏறுற வரைக்கும், இது உயிரோட இருந்துச்சு. இந்தா, பாத்துக்க."

தங்கை வாங்கினாள். இழுபட்ட அந்த வெள்ளைமேல் விரலை வைத்தாள்.

"இது என்ன, காலா?"

"கைடி. சும்மா இருக்க மாட்டேங்குது. நர்ஸ் மூஞ்சியிலயே குத்தப் பாத்துச்சு."

"ரொம்ப வேகமா அடிக்குதா?"

"ஒரு வாட்டி ஆரம்பிச்சா நிறுத்தறதில்ல. உன் வீட்டு ரத்தம்."

உன் வீடும் அதுதானே என்று தங்கை சொல்ல வந்தாள். அடுத்த படத்துக்குப் போனாள், அதற்கடுத்ததற்கு, அப்புறம் முதல் படத்துக்கு. ஒவ்வொன்றிலும் கை வேறு இடத்தில் இருந்தது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

"அந்த மிஷின எங்க வச்சாங்க?" என்று கேட்டாள் தங்கை.

காலைக்குப் பிறகு பிழியாமல் விட்டிருந்ததால் பால் கட்டி, மார்பு கல்லாகிப் போயிருந்தது. பம்ப் தொட்டதுமே பல்லைக் கடித்தாள். கறாரக்கா வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள், தடவிவிட்டாள், வலிக்கிறதென்று முனகியபோது வலிக்கத்தான் செய்யும் என்றாள். நெடுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கியது. டப்பாவின் அடிகூட முழுசாக நனையவில்லை. இத்தனூண்டைக் கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்று தங்கை அழுதாள்.

"அது குடிக்கிறதே அத்தனூண்டுதான்" என்றாள் கறாரக்கா.

மூடியை இறுக்கினாள், ஐஸ் பையில் வைத்தாள், செருப்பைத் தேடி மாட்டினாள். பால் காத்திருக்காது. மாப்பிள்ளையிடம் அவளைச் சாப்பிட வையுங்க என்று சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி பஸ்ஸுக்கு ஓடினாள்.