ட்ரையர் பக்கத்தில் வைத்த கிட்டார்

கிட்டார் என்னுடையது. வாசிக்கத் தெரிந்தவன் அவன். இன்று வெளிநாட்டு மேடைகளில் ராக் கிட்டார் வாசிக்கும் அவனும் நானும் ஹட்டனில் ஒரே வகுப்பில் படித்தோம். அவன் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவான். எங்களுக்கு பஜாரில் புடவைக் கடை. பள்ளி விட்டதிலிருந்து அவனுடைய பஸ் வரும்வரை ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம். அதைக் கடையின் பின்னறையில் என் கிட்டாரோடு கழிப்பான்.

கேசட்டைப் பத்து விநாடி ஓடவிட்டு நிறுத்துவான், கேட்டதைத் தேடி எடுப்பான், மறுபடி ஓடவிடுவான். எலக்ட்ரிக் கிட்டாரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. அந்தச் சத்தம் வேண்டும் என்பதற்காகக் கிட்டாரின் தலையை இரும்பு அலமாரியோடு அழுத்திக்கொண்டு வாசிப்பான். அலமாரி முழுவதும் அதிரும்.

"என்னடா, அலமாரிக்குக் காய்ச்சலா?" என்று முன்னாலிருந்து அப்பா கத்துவார்.

"இல்லீங்க மொதலாளி, பாடுது!" என்பான் அவன்.

பத்தாம் தரத்தில் பள்ளி விழாவுக்கு மூன்று பேர் கொண்ட குழுவில் அவனைச் சேர்த்தார்கள். மேடையில் அவன் வாசிக்கப்போவது அதுவே முதல் தடவை. ஆனால் விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், விடாத மழையில் கிட்டாரின் மரம் ஊறிப்போனது. எந்தத் தந்தியைத் தொட்டாலும் கரகரத்தது.

அவனுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்கும் ட்ரையரில் வேலை செய்தார். யோசனை சொன்னது நான்.

"கொழுந்தே காயுது, இது காயாதா? ரெண்டு நாள் ட்ரையர் பக்கத்துல வைக்கச் சொல்லு."

"பசை விட்டுருமோடா?"

"ஒண்ணும் ஆகாது. என் கிட்டார்தானே, நான் சொல்றேன்ல?"

வெள்ளிக்கிழமை கொண்டுபோனான். திங்கட்கிழமை உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். தந்திகளைப் பிடித்திருந்த மரத்துண்டு தனியாகக் கழன்றிருந்தது. பின்பலகை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து புதுத் தேயிலை வாசனை வந்தது.

அப்பா அதைத் துணி அளக்கும் மேசைமீது வைத்துப் பார்த்தார்.

"யாரு பாத்த வேல இது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் எதிரே அடுக்கியிருந்த சீத்தைத் துணியைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைப் பூ. இன்னமும் நினைவிருக்கிறது.

"நான்தாங்க மொதலாளி. ட்ரையர் பக்கத்துல வச்சிட்டேன்."

"தோட்டத்துப் பயலுக்கு நல்ல சாமான் குடுத்தா இப்படித்தான். இனிமே இந்தப் பக்கம் வராத."

"சரிங்க" என்று சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

விழாவில் மற்ற இருவர் மட்டும் வாசித்தார்கள். அவன் மண்டபத்தின் கடைசியில், சுவரில் சாய்ந்து நின்றான். பக்கத்தில் இடம் இருந்தது. நான் போகவில்லை. பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அவன் கொழும்பில் ஒரு வாத்தியக் கடைக்கு வேலைக்குப் போனான். மீதியை அங்கே கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் பேட்டிகளில் படித்தேன். எனக்கு எழுதுவது தொழிலானது. அவனைப் பற்றி எழுதித் தரும்படி இரண்டு தடவை கேட்டார்கள். நேரமில்லை என்றேன்.

போன மாதம் கடைக்குப் போயிருந்தபோது அப்பாவின் போனில் அவனுடைய பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. முதல் கிட்டார் எது என்று கேட்டார்கள்.

"என் கூட்டாளியோடது. நான்தான் பழுதாக்கிட்டேன். அப்புறம் அவன் மொகத்தப் பாக்கவே கூச்சமா இருந்திச்சு" என்று சொல்லிச் சிரித்தான்.

"நல்ல பய. ஆனா அன்னைக்கு அவன் கையில சாமான் நிக்கல" என்றார் அப்பா.

"அப்பா, ட்ரையர் பக்கத்துல வைக்கச் சொன்னது நான்தான்."

அவர் போனை அணைத்து மேசைமீது கவிழ்த்தார்.

"நான் அந்தப் பயல அவ்வளவு பேசினேனே. பக்கத்துலதானே நின்ன?"

"ஆமா."

கடைக்குள் ஒரு அம்மா வந்து திரைச்சீலைத் துணி கேட்டார். அப்பா எழுந்து போனார். அந்த அம்மா போன பிறகும் அவர் என் பக்கம் திரும்பி வரவில்லை; அன்று மாலை நான் கிளம்பும்வரை முன்னாலேயே நின்று துணிகளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.