ஓரடி தள்ளி

வில்லாட்ஸ் குரோ முப்பது வருடம் யுட்லாந்தின் தரிசுகளில் மண்ணைத் துளைத்துப் பார்த்து அட்டையில் எழுதியவர். அவற்றை வரைபடமாக்குவது என் வேலை. ஓர் அட்டையில் பொய் எழுதியதை ஓய்வுபெற்ற பிறகுதான் என்னிடம் சொன்னார்.

எங்கள் மணலுக்கடியில் முழங்கால் ஆழத்தில் துருநிறக் கெட்டித் தட்டு ஒன்று உண்டு. துளைகோல் அதில் மோதி நின்றுவிடும். ஒருமுறை உடைந்தால் மனித ஆயுளில் அது மறுபடி கூடிச் சேராது.

டாக்னி ஓவர்பியின் நிலத்தில் ஓரிடத்தில் கோல் பிடிவரை இறங்கியது. சுற்றிலும் குத்திப் பார்த்தார். ஓர் ஆள் நீளம், இரண்டடி அகலம். டாக்னியின் கணவன் யெப்பே ஒன்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதாகப் பேச்சு. அவன் ஒடித்த அவளுடைய இடக்கை கோணலாகவே கூடியிருந்தது.

அவள் காப்பியோடு வந்தாள்.

“என்ன குரோ, பூமிக்கு அந்தப் பக்கமே போயிடுவீங்க போல?”

“இங்க மண்ணு கலைஞ்சிருக்கு.”

“நரி தோண்டியிருக்கும்.”

“நரி இவ்வளவு நேரா தோண்டாதுங்க.”

அவள் கோப்பையை நீட்டினாள். “ஓரடி தள்ளிக் குத்துங்களேன்.”

குத்தினார். கோல் நின்றது. ‘தட்டு முழுதாக உள்ளது’ என்று எழுதினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எழுதினாராம்.

தட்டு முழுதாக உள்ள நிலத்தைத்தான், அதை உடைத்து வேர் இறங்க வழிசெய்ய, மரம் நடுமுன் ஆழ உழுவார்கள். கலைந்த மண்ணில் கலப்பை சாய்ந்துவிடும். அதைச் சுற்றிப் போய்விடுவார்கள். மறைக்க எழுதிய சொல்லே கலப்பையை வரவழைக்கும் என்பது எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது என் வரைபடம் அச்சாகிவிட்டது.

வசந்தத்தில் கலப்பை வந்தது. வில்லாட்ஸ் கூடவே நடந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் உழவுக்காரர் ஸோரன் வண்டியை நிறுத்தினார்.

“உங்க மேப்பு தப்பு, குரோ. வெண்ணெயில போற மாதிரி போகுது.”

“தப்புதான்.”

சாலில் ஒரு மரச்செருப்பு கிடந்தது. வரப்பில் நின்றிருந்த டாக்னி வந்து எடுத்தாள். மண்ணைத் தட்டினாள்.

“இது யெப்பேவோடது இல்ல,” என்றாள். யாரும் கேட்டிருக்கவில்லை.

ஸோரன் அவளுடைய இடக்கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கலப்பையைத் தூக்கினார். “அடியில பெரிய கல்லு இருக்கு. சுத்திப் போறேன்.”

தேவதாரு மரங்கள் இப்போது வளர்ந்துவிட்டன. நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு எதுவும் நடப்படவில்லை. என் வரைபடத்தில் மட்டும் அங்கே தட்டு முழுதாக இருக்கிறது. நான் அதைத் திருத்தவில்லை.