தியேட்டர் வாசப்படியைச் சாமிக்குக் கொடுத்த கதை

என் சினிமாவை என்னைக் கேட்காமல் சாமிக்குக் கொடுத்தவள் என் மனைவி.

மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிய வருடம் அது. என் மனைவி செந்துறையிலிருந்து தனியாகப் பஸ் ஏறி, மீன்சுருட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள்.

"பாப்பா நல்ல மார்க் எடுத்தா, நீங்க இனிமே தியேட்டர் வாசப்படி மிதிக்க மாட்டீங்கன்னு வேண்டிக்கிட்டு வந்துட்டேன்."

"நானா? மொட்ட போடுறேன்னு வேண்டிக்க வேண்டியதுதான?"

"உங்க தலையில இருக்குற முடிக்கு சாமி சிரிக்கும்."

கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. இதில் அவள் கொடுக்கிற பங்கு என்ன? சினிமா என்னுடையது. ஜெயங்கொண்டத்தில் படித்த காலத்தில், பள்ளிக்கூட மணியைவிடத் தியேட்டர் மணிக்குத்தான் நான் சரியான நேரத்துக்குப் போனேன். கல்யாணமாகி மறுவீட்டு விருந்துக்குப் போகிற வழியில், பெரம்பலூரில் இறங்கி, பட்டுப்புடவையோடு இருந்தவளை மேட்னிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மாமனார் வீட்டில் ஆடு வெட்டிக் காத்திருந்தார்கள். அவள் படம் முழுக்கத் தூங்கினாள். அதற்குப் பிறகு நானும் கூப்பிடவில்லை, அவளும் வருகிறேன் என்று சொன்னதில்லை.

படம் நன்றாக இருக்கிறதா என்று நான் பார்ப்பதே இல்லை. டிக்கெட் கிழிபட்டு, விளக்கு அணைந்து, முன்வரிசையில் எவனாவது விசில் அடிக்க வேண்டும். அது போதும் எனக்கு.

மகள் மார்க் எடுத்துவிட்டாள். நன்றாகவே எடுத்தாள். வேண்டுதலைக் கேள்விப்பட்டதும் அவள்தான் அதிகம் கொதித்தாள்.

"ராத்திரி பகலா நான் படிச்சதுக்கு மார்க் போட்டாங்களா, அப்பா படம் பாக்காததுக்குப் போட்டாங்களா?"

"ரெண்டுக்கும் சேத்துதான்" என்றாள் அவள் அம்மா.

மகள் திருச்சிக்குக் கல்லூரிக்குப் போனாள். நான் தியேட்டரைச் சுற்றத் தொடங்கினேன். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா நான். விதியைப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கம். அரியலூரில் நான் வழக்கமாகப் போகும் தியேட்டரில், அந்தச் சமயம் பார்த்து வாசல் படிகளை இடித்துவிட்டு வழுவழுவென்று ஒரு சரிவு கட்டினார்கள். படியே இல்லாத இடத்தில் படியை எப்படி மிதிப்பது? சாமியே வழி விட்டதாக நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்துக்கொண்டு வலது காலைச் சரிவில் வைத்தேன். போன் அடித்தது. மகள்.

"அப்பா, லேசா காய்ச்சலா இருக்குப்பா."

அந்தக் காலை நான் எடுத்த வேகத்தில் செருப்பு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. எட்டி எடுக்கவும் பயம். டிக்கெட் கிழிப்பவரிடம் கெஞ்சினேன். அவர் ஒரு குச்சியால் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஆபீஸில் வாய் கிழியப் பேசுகிற ஆள் நான். மகளுக்குக் காய்ச்சல் இறங்கும்வரை மூன்று நாளும் தியேட்டர் இருக்கும் தெருப் பக்கமே போகவில்லை.

அதன்பின் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து சேனலை மாற்றிக்கொண்டே இருந்தேன். இளைத்தும் போனேன். என் மனைவியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நான் வேணா போயி பாத்துட்டு வந்து கதையச் சொல்லட்டுமா?"

"நீ தூங்கிடுவ."

"தூங்க மாட்டேங்க. சாமி மேல சத்தியம்."

"சாமி பேச்ச விடு" என்றேன்.

இப்படித்தான் எங்கள் ஞாயிறு மேட்னி ஆரம்பித்தது. செந்துறையிலிருந்து வண்டியில் அவளை அழைத்துப்போய், அரியலூர் தியேட்டர் வாசலில் இறக்கிவிடுவேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போவதுபோல் உள்ளே போவாள். நான் எதிர் டீக்கடையில் உட்காருவேன். இண்டர்வெல் விட்டதும் கையில் பாதி சமோசாவோடு ரோட்டைத் தாண்டி வருவாள்.

முதல் வாரம் அவள் சொன்ன கதை இவ்வளவுதான்: "ஒருத்தன் வந்தான். பதினஞ்சு பேர அடிச்சான். சட்டை கசங்கல."

"ஏன் அடிச்சான்?"

"அத நான் கேக்கலீங்க."

போகப்போக நிலைமை மாறியது. படத்தில் வருகிறவர்களுக்குள் யார் யாருக்கு என்ன முறை என்று கண்டுபிடித்தாள். வில்லனுக்கு வயிற்று வலி இருக்கும், அதனால்தான் எரிந்து விழுகிறான் என்றாள். கதாநாயகியின் அம்மா இடைவேளைக்குள் சாகப்போகிறாள் என்பதை அந்த அம்மா கட்டியிருந்த புடவையை வைத்தே சொன்னாள். சண்டைக் காட்சியை ஒரு வரியில் முடித்துவிட்டு, கல்யாணக் காட்சியில் பந்தி பரிமாறியது சரியில்லை என்று பத்து நிமிடம் பேசினாள். சிமெண்ட் லாரி ஓட்டுகிற ஒருவர் டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்து, "அப்பறம் என்னாச்சுங்கக்கா?" என்றார். மணி அடித்ததும் அவள் ஓடிவிட்டாள். நானும் அந்த ஆளும் முடிவு தெரிகிறவரை அங்கேயே கிடந்தோம். சுமை ஏற்றிய லாரியும் கிடந்தது.

மூன்று வருடம் இப்படிப் போனது. மகள் படிப்பு முடிந்து திருச்சியிலேயே வேலையும் வாங்கிவிட்டாள். "போதும்மா, கேக்கறவங்க சிரிக்கிறாங்க. போயி உத்தரவு கேட்டு முடிச்சு வுடுங்க" என்று போனில் சத்தம் போட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம். வழி நெடுக நான்தான் பேசினேன். அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பூசாரி கற்பூரம் காட்டினார். "உக்காந்து வேண்டிக்கிட்டு இருங்க. பல்லி சொன்னா வேண்டுதல்லேருந்து வுட்டுட்டாருன்னு அர்த்தம். சொல்லலன்னா வுடலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சாமி முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு மனசுக்குள் வேண்டத் தெரியாது, வாய்விட்டுத்தான் வேண்டுவாள்.

"இவரு பாவம் சாமி. இனிமே உள்ள போயி பாக்கட்டும். கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நான் பேசுனத இவரு காது குடுத்துக் கேட்டது அந்த இண்டர்வெல்லுலதான். கால் மணி நேரம் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அது இனிமே இருக்காது. பரவால்ல. இவருக்கு உத்தரவு குடுத்துடு."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் இந்த மனுஷி வீட்டில் என்னவெல்லாம் பேசியிருப்பாள் என்று யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போது தலைக்கு மேலே பல்லி சொன்னது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, கணீரென்று.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பல்லி சொல்லிச்சே, கேட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் சாமியைப் பார்த்தாள்.

"எனக்கும் சரியாக் கேக்கலீங்க" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.