அம்மன் கூழுக்கு லிஸ்ட் கிடையாது

நாகமணியின் காலில் ரத்தம் வந்தது அவளுக்கே தெரியாது. புடவையில் பட்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

நாங்கள் ஆந்திராவில் தர்மாவரம் பக்கத்திலிருந்து தறி வேலைக்கு வந்தவர்கள். சேவூரில் ஒரு தறிக்கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக ஏழு வாடகை வீடுகள். வீட்டுக்கு ஒரு பெண், ஏழு பேரும் பட்டு நெய்கிறோம். என் பெயர் பத்மா. வந்து பதினோரு வருடம் ஆகிறது. தமிழ் இங்கேதான் கற்றேன், அதுவும் சண்டை போடத்தான் முதலில் கற்றேன். மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆனி மாதக் கடைசி. நாகமணி எனக்கு அடுத்த தறி. நாள் முழுக்கக் குழிக்குள் காலை விட்டு மிதிப்பலகையை மிதிக்கிற வேலை எங்களுடையது. அவள் பலகையில் ஓர் ஆணி தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மிதிக்க மிதிக்கப் பெருவிரலைக் கிழித்திருக்கிறது. அவளுக்கு வலிக்கவே இல்லை. சாயங்காலம் குழியிலிருந்து ஏறியவள், மடித்து வைத்திருந்த புடவையின் ஓரத்தில் கால் வைத்துவிட்டாள். முதலாளி ஓடி வந்தார்.

"ஐயையோ, பொடவ போச்சே!"

புடவையைத்தான் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புண் ஆறாமல் அழுகி, பெரிய ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். பல வருடமாகச் சர்க்கரை இருந்திருக்கிறதாம், கால் மரத்தே போயிருக்கிறதாம். "ஒரு தடவ கூட டெஸ்ட் பண்ணலயா?" என்று டாக்டர் திட்டினார். யாரை? அவளை!

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சித்திரைத் திருவிழாவில் நாகமணி தீ மிதித்தாள். "சூடே தெரியல அக்கா" என்றாள். அம்மன் அருள் என்று நாங்கள் ஆறு பேரும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டோம். கொப்புளத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசியவள் நான்தான். மரத்துப்போன காலை அருள் என்று கும்பிட்ட முட்டாள் நான்.

எங்கள் தெருவுக்குச் சர்க்கரை பார்க்க ஆள் வராமல் இல்லை. வசந்தா என்ற சிஸ்டர் மாதாமாதம் மிஷினோடு வீடு வீடாகப் போவார். தெருமுனை வரை வருவார், எங்கள் வரிசைக்குள் நுழைய மாட்டார். எங்கள் ரேஷன் கார்டு ஆந்திராவில் இருக்கிறது, அதனால் அவர் நோட்டில் எங்கள் பெயர் இல்லை. என் சின்னவள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியது. பிரசவத்துக்குப் பிறகும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஊர் டாக்டர் சீட்டே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைக் காட்டி வசந்தாவிடம் இரண்டு முறை கேட்டேன்.

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லமா. ஊருக்குப் போறப்ப பாத்துக்குங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். போனேன். வெறும் வயிற்றோடு நின்றவளை, கூட்டமாக இருக்கிறது, நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் போனால் தறி நிற்கும், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆடி இரண்டாம் வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சொம்போடு வரிசையில் நின்றேன். அம்மன் முகம் தெரிந்ததும் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"நீயும் லிஸ்ட் பாத்துதான் காப்பாத்துவியா? பொழைக்க வந்தவங்கன்னா உனக்கும் எளக்காரமா? உனக்காகத் தீ மிதிச்ச காலாச்சே, அத பாத்துகினு சும்மா இருந்தியே! மீதி ஆறு பேருக்காவது ஒரு வழி காட்டு. காட்டலன்னா இனிமே உன் வாசலுக்கு நான் வர்ல!"

அழுகையும் வந்தது. கூழ் ஊற்றிய அம்மா என் சொம்பை இழுத்து நிரப்பினார். "எந்த ஊரா இருந்தா இன்னா, குடிம்மா. இங்க யாரும் பேரு கேக்க மாட்டாங்க" என்றார்.

திரும்பினேன். எனக்குப் பின்னால் மஞ்சள் புடவையில், கையில் சொம்போடு வசந்தா. நான் பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. தலை குனிந்து நின்றார். எனக்கு இரக்கம் வரவில்லை.

"எப்ப வந்தா எல்லாரும் இருப்பீங்க?" என்று கேட்டார்.

"அமாவாசைக்குத்தான் தறி நிக்கும்."

"அப்ப அன்னிக்கே வர்றன். பேர கடைசி பக்கத்துல எழுதிக்கறன், யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கறன். காலைல யாரும் சாப்புடாம இருக்கணும்."

"ஆடி அமாவாசையில படையல் போடாம எவ சாப்புடுவா சிஸ்டர்?"

சொன்னபடி வந்தார். ஆறு பேரும் பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் அடுத்த வம்பு. ஒருத்தியும் விரலை நீட்டவில்லை. விரல் நுனியில் பொருக்குக் கட்டினால் பட்டு இழை மாட்டி அறுந்துவிடும். "வெரலு போனா சோறு போச்சு" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! "நாகமணிக்குப் போனது இன்னாடி, வெரல் இல்லயா?" என்று கத்தினேன். இடது கைச் சுண்டு விரலை நீட்டினேன். "பக்கவாட்டுல குத்துங்க சிஸ்டர், அந்த எடம் எழயத் தொடாது." அதன் பிறகு ஆறு சுண்டு விரல்களும் வரிசையாக நீண்டன.

இரண்டு பேருக்குச் சர்க்கரை இருந்தது, யாருக்கும் தெரியாமலே. வசந்தாவே கூட்டிக்கொண்டு போய் மாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். எனக்கு எல்லைக்கோட்டில். "இன்னும் வர்ல, வாசல்ல நிக்குது. இப்பவே தொரத்திடலாம்" என்றார். ஒரு நாளைக்கு நாலு டீ குடித்தவள் சர்க்கரை போடாமல் ஒன்றோடு நிறுத்தினேன். தறியில் உட்காரும் முன் ஏரிக்கரையில் நடக்கிறேன். இந்த ஆடியில் பார்த்தபோது வாசலில் நின்றது போய்விட்டிருந்தது. அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன், பாதி பேச்சுக்கு மட்டும்.

கோபம் முழுதாகத் தீரவில்லை. எங்கள் பெயர்கள் இன்னும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சகோதரிகளே, அம்மன் கேட்கிறாள். நல்ல வார்த்தை வரவில்லை என்றால் சண்டையாவது போடுங்கள், கேட்பாள். வழி காட்டினால் விரலை மட்டும் மடக்கிக்கொள்ளாதீர்கள்.

நாகமணி இப்போது குழியில் இறங்குவதில்லை, ராட்டையில் நூல் சுற்றுகிறாள். மாதாமாதம் அமாவாசைக்கு வசந்தா வந்தால் முதல் ஆளாகச் சுண்டு விரலை நீட்டுகிறவள் அவள்தான்.

"குத்துங்க சிஸ்டர்" என்கிறாள். "வலிச்சா நல்லதுதான்."