மகாராணிக்கு வைத்த பொட்டு

இல்லைப் பிள்ளை, நான் சும்மா சொல்லேல்லை, அந்தக் கறுப்புச் சட்டையை என்ர ரெண்டு கண்ணாலயும் பார்த்தனான். பேத்தி ஞாயிற்றுக்கிழமை என்னை ட்ரெயின் மாறி மாறிக் கூட்டிக்கொண்டு போனவள், அந்தப் பழைய மகாராணி பிறந்து வளர்ந்த மாளிகைக்கு. இப்ப செத்தவ இல்லை, அவவின்ர பாட்டனுக்குப் பாட்டி. கண்ணாடிக்குப் பின்னால சட்டை நிக்குது. எவ்வளவு கட்டை எண்டு நினைக்கிறீர்? உம்மட தோளுக்கும் வரமாட்டா. அந்த உயரத்தை வைச்சுக்கொண்டு பாதி உலகத்தை ஆண்டிருக்கிறா.

எனக்கு எங்க எழுத்துத் தெரியும். பேத்திதான் பலகையை வாசிச்சு, தன்ர அரைகுறைத் தமிழில சொல்லிக்கொண்டு வந்தாள். மனிசி சரியான கெதியாச் சாப்பிடுவாவாம். அவ கரண்டியை வைச்ச உடன மற்றவையின்ர சாப்பாட்டுக் கோப்பையையும் எடுத்துப் போடுவினமாம். பாவம், கடைசியில இருந்ததுகள் பட்டினிதான். எங்கட மூத்த மருமகனை அந்த மேசையில இருத்திப் பார்க்க வேணும். வயது போன காலத்தில இந்தியாவிலயிருந்து வந்த ஒராளிட்டை எழுத்துப் படிச்சவவாம், கேட்டீரே? அப்ப எனக்கும் இன்னும் காலம் கிடக்கு.

மகாராணியின்ர புருசன் செத்த கதையை அவள் தொடங்க, நிப்பாட்டு பிள்ளை, அது எனக்குத் தெரியும் எண்டன். அவள் சிரிக்கிறாள். மெய்தான், அந்த மனிசியை எனக்குச் சின்னனிலயிருந்து தெரியும்.

எங்கட அப்பு, அம்மாவின்ர தேப்பன், மலாயாவில ரயில்வே உத்தியோகம் பார்த்தவர். பென்சனோட யாழ்ப்பாணம் வரேக்க இவவின்ர படத்தையும் கொண்டு வந்தவர். எங்கட ஹோலில பிள்ளையார், முருகன், லட்சுமி, பக்கத்தில இவ. தலையில வெள்ளைத் துணி, தொங்கின கன்னம், சிரிப்பே இல்லை. செத்த புருசனுக்கு ஒவ்வொரு நாள் பின்னேரமும் மாத்துடுப்பும் சுடுதண்ணியும் எடுத்து வைப்பிச்சவவாம், தான் சாகுமட்டும் கறுப்புத்தான் உடுத்தவவாம் எண்டு அப்பு சொல்லுவார். சின்னம்மா குசினி வாசலில நிண்டு கேட்பா. கதையில சுடுதண்ணி வருகிற இடத்தில, அடுப்பில என்னவோ எரியுற மாதிரி உள்ள போயிடுவா.

என்னைப் பெத்த கையோட அம்மா போயிட்டா. அக்காவையும் என்னையும் வளர்த்தது அம்மாவின்ர தங்கச்சி, இந்தச் சின்னம்மாதான். கலியாணம் கட்டி ஒரு வரியத்துக்குள்ள அவவின்ர மனிசன் காய்ச்சலில போயிட்டார். அதுக்குப் பிறகு வெள்ளைச் சீலைதான். நல்ல நாள் பெருநாளில அவ முன்னுக்கு வரமாட்டா. ஒருத்தரும் வராதை எண்டு சொல்லேல்லை, தானாகக் குசினிக்குள்ள போயிடுவா. அவவுக்குச் சமையலில அவ்வளவு ஆசை எண்டு நான் நினைச்சிருந்தன்.

அக்காவுக்குக் கலியாணம் வந்தது, வீட்டிலதான். விடியவே அக்கா அழுதாள்.

"உங்கட காலில விழாமல் நான் மணவறைக்குப் போகமாட்டன்."

"விசர்க் கதை கதையாதை. நான் குசினிக்குள்ளயிருந்து கும்பிட்டுக்கொள்ளுவன்" எண்டு சின்னம்மா திரும்பிப் பார்க்காமல் தேங்காய் துருவினா.

என்னைப் படங்களுக்குப் பொட்டு வைக்க விட்டவை. நான் ஸ்ரூலில ஏறி, பிள்ளையாருக்கு வைச்சன், முருகனுக்கு வைச்சன், லட்சுமிக்கு வைச்சன். அடுத்தது மகாராணி. அந்த வெறும் நெத்தியைப் பார்க்க எனக்குப் பாவமாக் கிடந்தது. இவ்வளவு காலமும் ஒருத்தரும் இவவைக் கவனிக்கேல்லை எண்டு, குங்குமத்தைத் தண்ணி விட்டுக் குழைச்சு, காசளவில வட்டமாக வைச்சன். வடிவெண்டால் சொல்லி வேலையில்லை. கொஞ்சம் ஒழுகினதுதான்.

மாப்பிள்ளை பகுதி வந்து இருந்தவை. மாப்பிள்ளையின்ர தாய் பெரிய மனிசி, கழுத்து நிறையச் சங்கிலி. நிமிர்ந்து பார்த்துப்போட்டு, இது ஆர் எண்டு கேட்டா. அப்பு விடுவாரே, முழுக் கதையையும் சொன்னார், சுடுதண்ணி உட்பட. மனிசியின்ர முகம் மாறிப் போச்சு.

"புருசன் செத்தவவின்ர படமோ? அதுக்குப் பொட்டு வேற. தாலி கட்ட முன்னம் இதைக் கழட்டுங்கோ ஐயா."

"அறுபது வரியத்துக்கு மேல அரசாண்டவ பிள்ளை."

"ஆண்டது அங்க. இது கலியாண வீடு."

அப்பு கதிரையை விட்டு எழும்பேல்லை. கழட்டினால் அவருக்கு மானக்கேடு, கழட்டாட்டில் அக்காவின்ர கலியாணம் குழம்பும். நான் நல்லது செய்யிறன் எண்டு நினைச்சு, பயப்பிடாதேங்கோ மாமி, எங்கட சின்னம்மாவும் இவவை மாதிரித்தான், அவ முன்னுக்கு வரமாட்டா எண்டன். அப்பு கண்ணை மூடினார்.

அப்பதான் அறைக்குள்ளயிருந்து அக்காவின்ர குரல் வந்தது. கலியாணப் பொம்பிளை சத்தம் போட்டுக் கதைக்கிற காலமில்லை அது, பிள்ளை.

"மாமி சொல்லுறபடி கழட்டுவம். ஆனால் சின்னம்மாதான் கழட்ட வேணும். வேற ஆரும் தொட்டால் நான் வெளியில வரமாட்டன்."

கழட்டச் சொன்னது மாமிதானே, வேண்டாமெண்டு சொல்லேலாது.

கன நேரம் ஒருத்தரும் வரேல்லை. பிறகு சின்னம்மா வந்தா. ஈரக் கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு, அவ்வளவு சனத்துக்கும் நடுவால, நிலத்தைப் பார்த்தபடி. ஸ்ரூலில ஏறிக் கழட்டி, குழந்தையைத் தூக்குற மாதிரிப் படத்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு இறங்கினா. இறங்கித் திரும்பினால், அறை வாசலில அக்கா. கூறைச் சீலை கசங்கக் கசங்க அப்பிடியே காலில விழுந்தாள். சின்னம்மாவுக்குப் பின்னால போகவும் ஏலாது, கையும் விடேலாது. அண்ணாந்து முகட்டைப் பார்த்தா. பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து அக்காவின்ர தலையில வைச்சா.

மாமி மற்றப் பக்கம் திரும்பி, மேளகாரனுக்கு ஏன் இன்னும் தேத்தண்ணி குடுக்கேல்லை எண்டு கேட்டா. நல்ல மனிசி, பிறகு அக்காவை வடிவாத்தான் வைச்சிருந்தவ. தாலி கட்டேக்க சின்னம்மா குசினிக்குத் திரும்பிப் போகேல்லை, தூணோட நிண்டா.

எனக்கு அண்டைக்கு ஒண்டும் விளங்கேல்லை. பொட்டை ஒழுக விட்டதுக்கு அக்கா அழுகிறாளாக்கும் எண்டு பயந்துபோய்ப் பந்தலுக்குப் பின்னால ஒளிச்சிருந்தன். அதைவிடப் பெரிய அதிசயம், அந்த ஈரக் குங்குமம் சின்னம்மாவின்ர வெள்ளைச் சீலையில, நெஞ்சடியில, சிவப்பாகப் பிரண்டு கிடந்தது. ஒரு சொட்டுக் கறி பட்டாலே உடன தோய்க்கிற மனிசி அவ. அதை மடிச்சுப் பெட்டிக்குள்ள வைச்சா, தோய்க்கவேயில்லை. கலியாணச் செலவில சவுக்காரம் முடிஞ்சு போச்சாக்கும் எண்டுதான் நான்...

ஐயோ, கவுன்சில் லொறி மூலையால திரும்பிட்டுது. பொறும் பிள்ளை, குப்பைப் பெட்டியை இழுத்து வெளியில விட்டுட்டு வாறன்.