மழைக்காலத்தை ரேக்கில் கழித்த மிதவை

எங்கள் யூனிட் இருப்பது ஒரகடத்தில். கடல் எங்கே, நாங்கள் எங்கே! ஆனாலும் அலை அளக்கும் மிதவைகளைச் செய்வதும், பழுதாகி வருபவற்றைச் சரிசெய்வதும்தான் எங்கள் பிழைப்பு. பெரிய மஞ்சள் உருண்டை. உள்ளே சென்சார், பேட்டரி, தலையில் ஆன்டெனா. கடலில் நங்கூரம் போட்டு விட்டால் அலையோடு ஏறி இறங்கி, அதன் உயரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். டெஸ்ட்டுக்கு ராட்டினம் மாதிரி ஒரு சக்கரத்தில் கட்டிச் சுற்றுவோம். சர்வீஸ் பிரிவுக்கு நான் இன்சார்ஜ்.

ஆவணியில் ஒரு மிதவை லாரியில் வந்து இறங்கியது. கயிறு அறுந்து போனதைப் பிடித்துக் கரைசேர்த்த மீனவர் காசியும் கூடவே வந்திருந்தார். அவர் குப்பத்தைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. அங்கே கட்டப்போகும் கல் சுவர் எவ்வளவு உயரம் என்பதை இந்த மிதவையின் அளவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கரையில் முதல் வீடு அவருடையது. டீ வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை.

"மழைக்கு முன்னாடி இத்த தண்ணில வுட்டுடுவீங்களாம்மா? எங்க கடலு ஐப்பசி, கார்த்திகைலதான் வேலைய காட்டும்."

விட்டுவிடலாம் அண்ணே என்றேன். சென்சார் மட்டும்தான் போயிருந்தது. ஸ்டோரில் ஒன்று இருந்தது.

மறுவாரமே அந்த சென்சாரை ஒரு துறைமுக ஆர்டருக்கு எடுத்துவிட்டார்கள். அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். மேனேஜரிடம் சண்டை போட்டேன்.

"இவங்களுக்கு இன்னா மேடம் அவசரம்? அலை அடுத்த வருஷமும் அடிக்கும்" என்றார்.

ஐப்பசி மழையில் கம்பெனி பஸ்களெல்லாம் முழங்கால் தண்ணீரில் ஊர்ந்தன. மிதவை மட்டும் ஷெட்டுக்குள் ரேக்கில், சொட்டுத் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருந்தது.

சுவர் டிசைன் செய்பவர்கள் காத்திருக்கவில்லை. கையில் இருந்தது தை முதல் ஆவணி வரையிலான அளவு மட்டும். அவர்களுடைய எஞ்சினியருக்கு நானே போன் போட்டு, மழைக்கால அளவே இல்லையே சார் என்றேன். இருக்கிற மாதங்களின் டேட்டா சுத்தமாக இருக்கிறது, அது போதும் என்றார். மெயிலும் அனுப்பினேன். அதற்கு மேனேஜர் கூப்பிட்டு, ரிப்பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கஸ்டமர் டேட்டாவில் தலையிடாதீர்கள் என்று கடிந்துகொண்டார். அமைதியான மாதங்களின் கடலுக்கு ஏற்ற சுவர் எழும்பியது.

அடுத்த மழையில் காசி போன் செய்தார்.

"செவுத்து மேல ஏறி வந்துச்சும்மா. வூடு பூடுச்சு. இவ்ளோ பெரிய அலைய அந்த மஞ்ச குண்டு பாக்கவே இல்லியா?"

"பாக்கலண்ணே. மழை மாசம் பூரா எங்க ரேக்ல இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சரிம்மா என்று போனை வைத்துவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மிதவை ரிப்பேருக்கு வந்தால், எந்த மாதம் இது கடலில் இருந்தே ஆகவேண்டும் என்று முதலில் கேளுங்கள். கேட்டால் பலன் இருக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தவள்தான்.